ஜாக்கெட் துண்டுப் போர்வை: இடைப்பட்டிக்கு அரக்கா, சந்தனமா?

வெட்டுத்துணி, தருமபுரி
ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் நாத்தனார் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறார். மிஞ்சும் வெட்டுத் துணியை மூன்று வருடமாகப் பையில் கட்டிக் கட்டி என்னிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து 30 சதுரம் தைத்து முடித்துவிட்டேன். தைத்து முடித்த அளவில் ஒவ்வொன்றும் 10 இன்ச். குறுக்கே ஐந்து, நீளத்தில் ஆறு என்று கணக்கு. மகள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து விடுதியில் இருக்கிறாள். மார்கழியில் அந்தக் குளிருக்கு ஒரு கம்பளி பத்தவில்லையாம்.

தரையில் அடுக்கிப் பார்த்தால் தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி கண்ணைக் குத்துகிறது. வாடாமல்லி, கிளிப்பச்சை, மயில் கழுத்து, குங்குமச் சிவப்பு, நடுநடுவே ஜரிகை. எந்தச் சதுரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அதனால் சதுரங்களுக்கு நடுவே பட்டி கொடுக்கலாம் என்று இருக்கிறேன். இணையத்தில் சாஷிங் என்கிறார்கள். நான் இடைப்பட்டி என்றே சொல்கிறேன்.

சேலைக்கு அரக்குக் கரை எடுப்பாக இருக்குமே என்று 2 மீட்டர் அரக்கு பாப்ளின் வாங்கிவிட்டேன். மாமியார் சந்தன நிறம்தான் என்கிறார். மகள் போனில் கருப்பு என்கிறாள். கருப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். யார் சொல்வது சரி?


காவேரிப்பட்டணம்
ஞாயிறு இரவு 9.52

எழுந்து போனவர் சொல்வதுதான் சரி. வீட்டில் நிம்மதி முக்கியம்.


கால் இன்ச், கிருஷ்ணகிரி
ஞாயிறு இரவு 10.30

துணியை வாங்கிவிட்டு வந்து கேட்டால் எப்படி, தங்கச்சி? சரி, இன்னும் வெட்டவில்லை அல்லவா, அது போதும்.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். எது வெளிர், எது அடர்த்தி என்று மட்டும் பாருங்கள். சதுரங்களை அடுக்கி, அரக்குத் துணியை ரிப்பன் மாதிரி மடித்து நடுவே வையுங்கள். நாற்காலி மேல் ஏறி ஒரு போட்டோ எடுத்து, போனிலேயே கருப்பு வெள்ளை ஆக்குங்கள். கிளிப்பச்சையும் குங்குமச் சிவப்பும் நேரில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அப்படி முறைக்கும் நிறங்கள்கூடச் சில நேரம் கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடும். அந்தப் படத்தில் பட்டி வேறு, சதுரம் வேறு என்று பிரிந்து தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தப் பட்டியைத் தைப்பது நூலுக்குத்தான் செலவு.

சதுரங்களைவிட வெளிர்ந்த பட்டி கொடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக மிதக்கும். அடர்ந்த பட்டி ஜன்னல் சட்டம் மாதிரி, உள்ளே இருக்கும் நிறம் விளக்குப் போட்டதுபோல எழும். இரண்டுக்கும் நடுவாந்திரமாக ஒன்றைக் கொடுத்தால் எல்லாம் ஒன்றில் ஒன்று கரையும். சில போர்வைக்கு அந்தக் கரைசலும் அழகுதான். ஆனால் கூட்டத்தைப் பிரிக்கத்தானே நீங்கள் பட்டி போடப் பார்க்கிறீர்கள்.

படத்தைப் போடுங்கள், பிறகு பேசலாம்.


ஓசூர் ரோஜா
திங்கள் காலை 7.15

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். பாட்டி இதைப் பொந்த என்பார். பழைய சேலைகளை அடுக்கி, மேலே கிடைத்த துணியை எல்லாம் ஒட்டி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுவிடுவார். இடைப்பட்டி எல்லாம் கிடையாது. ஓரத்துக்குச் சேலையின் கரையையே கிழித்துச் சுற்றிவிடுவார். உங்களிடம் பழைய சேலைக் கரை இருந்தால் பார்டருக்கு அதையே போடலாமே அக்கா?


பழைய மிஷின், பாலக்கோடு
திங்கள் காலை 8.05

கரைத் துணி வேண்டாம் என்பது என் எண்ணம். பாட்டி போட்டது பல தடவை துவைத்து நைந்த நூல் சேலையின் கரை, படுக்கும். இன்றைய ஜரிகைக் கரை விறைப்பாக நிற்கும், பக்கத்துத் துணி சுருங்கும்போது அது சுருங்காது. முதல் துவைப்பிலேயே ஓரம் அலை அடிக்கும்.

முப்பது வருடமாக மிஷின் மிதிக்கிறேன். அரக்கு விஷயத்தில் என் பயம் நிறம் பொருந்துமா என்பதில் இல்லை, சாயம் போகுமா என்பதில்தான். ஒரு ஓரத்தை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து அயர்ன் பண்ணிப் பாருங்கள். கைக்குட்டை சிவந்தால் அந்தத் துணியை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். நானும் நம்பித்தான் என் தங்கை பிள்ளைக்கு ஒரு தொட்டில் துணி தைத்தேன். வெள்ளையில் சிவப்பு ஓரம். இப்போது அது முழுக்க ரோஸ்.


வெட்டுத்துணி
திங்கள் மதியம் 2.20

படம் எடுத்தேன் அக்கா. முப்பதில் பதினேழு சதுரம் அரக்கோடு சேர்ந்து ஒரே சாம்பல்! பட்டி எங்கே இருக்கிறது என்று நானே தேடினேன்.

கைக்குட்டையும் சிவந்துவிட்டது அண்ணா. கடையில் "கலர் கேரண்டி" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

அப்படியானால் மாமியாரின் சந்தனம்தானா? வெளிர் பட்டிதான் படத்தில் நன்றாகப் பிரிந்து தெரிகிறது. ஒரு பழைய சந்தனத் துண்டை வைத்துப் பார்த்தேன்.


கால் இன்ச்
திங்கள் மதியம் 3.00

பிரிந்து தெரியும், சந்தேகமில்லை. ஆனால் சந்தனத்தில் மூன்று தொல்லை இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டிக்கு அடியில் தையல் மடிப்பு இருக்கும் அல்லவா, கால் இன்ச் விட்டுத் தைத்தது. அந்த வாடாமல்லியும் மயில் கழுத்தும் மெல்லிய சந்தனத் துணி வழியாக நிழலாகத் தெரியும். மடிப்பை அடர்ந்த துணிப் பக்கமாகத் திருப்பி அயர்ன் பண்ணினால் குறையும். முப்பது சதுரத்துக்கும் மறக்காமல் செய்வீர்களா? நான் செய்யவில்லை.

அடுத்தது கோணல். வெளிர் பட்டி, அடர் சதுரம் என்று எடுப்பு கூடக் கூட ஒவ்வொரு தையலும் கோடு போட்டதுபோலத் தெரியும். ஒரு நூல் விலகினாலும் காட்டிக்கொடுக்கும். இது எடுப்பான அடர் பட்டிக்கும் பொருந்தும்தான், ஆனால் உங்கள் சதுரங்கள் பாதிக்கு மேல் நடுத்தர அடர்த்தி என்பதால் அடர் பட்டியோடு அவ்வளவு முட்டாது.

அப்புறம் நம் ஊர்த் தண்ணீரும் புழுதியும். போர்வெல் தண்ணீரில் ஒரு வருடம் துவைத்த வெள்ளை வேட்டியைப் பார்த்திருப்பீர்கள். விடுதியில் இருக்கும் பெண்பிள்ளை சந்தனத்தை எத்தனை தடவை துவைப்பாள்?


அரூர் வாத்தியார்
திங்கள் இரவு 8.45

இயற்பியல் ஆசிரியன். தையல் தெரியாது, மன்னிக்கவும். ஆனால் "கண்ணைக் குத்துகிறது" என்பதற்கு ஒரு காரணம் சொல்ல முடியும்.

பிரான்சில் கோப்லான் என்ற திரைச்சீலை நெசவுக்கூடம் உண்டு. அதன் சாயப் பிரிவுக்கு 1824இல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். கருப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், அதில் குறையே இல்லை. கருப்பு நூலுக்குப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் நெய்ததால்தான் கருப்பு மங்கலாகத் தெரிந்தது! பக்கத்து நிறம் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதை 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். சாம்பலைச் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அதில் லேசாகப் பச்சை ஓடும். பச்சைக்குப் பக்கத்தில் வைத்தால் அதே சாம்பலில் சிவப்பு ஓடும். இந்த மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார் என்பது கூடுதல் செய்தி.

ஆகவே கிளிப்பச்சையும் குங்குமமும் ஒட்டி நின்றால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் இரண்டு இன்ச் இடைவெளி விழுந்தால் அந்தச் சண்டை குறையும். பட்டியின் வேலை பிரிப்பது மட்டுமல்ல, சமாதானமும் கூட. அம்மா, கடையில் துணி எடுக்கும்போது தனியாகப் பார்த்து எடுக்கக் கூடாது. இரண்டு சதுரத்தைக் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துப் பார்க்க வேண்டும்.


காவேரிப்பட்டணம்
திங்கள் இரவு 8.58

வாத்தியாரே, தையல் தெரியாதவர் எழுதியதுதான் இந்த இழையிலேயே எனக்குப் புரிந்தது.


சித்தேரி அடிவாரம்
செவ்வாய் காலை 6.50

நான் சிட்லிங்கி பக்கம். இங்கே லம்பாடிப் பெண்கள் போடும் பூத்தையலைப் பார்த்திருக்கிறீர்களா? போர்கை என்ற அமைப்பில் சேர்ந்து இப்போது நிறையப் பேர் செய்கிறார்கள். அடித்துணி அடர் நீலமாகவோ அரக்காகவோ இருந்தால் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, வெள்ளை நூல் எல்லாம் அதன் மேல் எப்படி எழுந்து நிற்கும் என்று நேரில் பார்க்க வேண்டும். எத்தனை நிறம் சேர்த்தாலும் சந்தையாகத் தெரியாது. மகள் சொன்ன கருப்பு தவறில்லை அக்கா. கருப்பு வேண்டாம் என்றால் அதன் பக்கத்து வீட்டுக்குப் போங்கள்: மை நீலம்.


வெட்டுத்துணி
செவ்வாய் காலை 11.10

பக்கத்து வீடு! மாமியாரிடம் "நீலம்தான், கொஞ்சம் அடர்த்தி" என்று சொன்னேன். நீலத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இன்று மேட்சிங் சென்டர் போகிறேன். கால் கால் மீட்டராக நாலு நிறம் எடுக்கலாம் என்று இருக்கிறேன். மை நீலம், யானைச் சாம்பல், ராமர் பச்சை, வெளுக்காத காடா. சரியா?


கால் இன்ச்
செவ்வாய் காலை 11.25

சரி. ஆனால் கடையின் டியூப் லைட்டை நம்பாதீர்கள். துணியை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள். கடைப் பையன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும். உள்ளே மை நீலமாக இருப்பது வெளியே வந்தால் ஊதா ஆகும்.


வெட்டுத்துணி
செவ்வாய் இரவு 9.15

நாலையும் ஒன்பது சதுரத்தின் நடுவே வைத்துப் பார்த்தேன், காலையில் ஒரு தடவை பார்க்கலாம் என்று அப்படியே விட்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சுவரோரமாக நடக்கிறார்கள்.

ராமர் பச்சை உடனே போச்சு. பச்சைச் சதுரம் எல்லாம் அதில் மறைந்துவிட்டது. காடா நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அக்கா சொன்ன அந்த நிழல் அயர்ன் பண்ணுவதற்கு முன்பே தெரிகிறது. சாம்பலில் வாத்தியார் சார் சொன்ன வித்தையை நேரில் பார்த்தேன்! குங்குமச் சதுரத்தை ஒட்டி வைத்தால் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை. மை நீலத்தை வைத்ததும் ஜரிகைத் துண்டு எல்லாம் கண்ணில் பட்டது. அதுவரை அதில் அவ்வளவு ஜரிகை இருப்பதே தெரியவில்லை.

நீலம்தான். கைக்குட்டை சோதனையும் பண்ணிவிட்டேன், வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

இப்போது இரண்டு கேள்வி. பட்டி 3 இன்ச் அகலம் வைக்கலாமா? பட்டியும் பட்டியும் சந்திக்கும் இடத்தில் சின்னச் சதுரம் வேறு நிறத்தில் வைக்கிறார்களே, அது தேவையா?


பழைய மிஷின்
புதன் காலை 7.40

3 இன்ச் வேண்டாம். சதுரத்தின் அளவில் கால் பங்குக்கு மேல் போனால் பட்டிதான் போர்வை, சதுரம் விருந்தாளி என்று ஆகிவிடும். 2 இன்ச் வையுங்கள். வெட்டும்போது தையலுக்குச் சேர்த்து இரண்டரை.

மூலைச் சதுரம் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். தைப்பவனுக்கு அது ஒரு அடையாளக் கல். அது இருந்தால் வரிசை விலகினால் உடனே தெரிந்துவிடும், நேராக வரும். நான் வைப்பேன்.


காவேரிப்பட்டணம்
புதன் காலை 7.55

மூலைக்கு மாம்பழ மஞ்சள் போடுங்கள். நம்ம மாவட்டத்து அடையாளம்.


ஓசூர் ரோஜா
புதன் காலை 8.10

எந்த மாம்பழம் அண்ணா? பெங்களூராத் தோலா, அல்போன்சா சதையா?


காவேரிப்பட்டணம்
புதன் காலை 8.14

இது கேள்வி. பெங்களூராத் தோல் பச்சையும் மஞ்சளும் கலந்து எலுமிச்சைக்குப் பக்கம் போய்விடும். கூழ் ஃபேக்டரிக்குப் போகும் நிறம் வேறு, ஆரஞ்சு தட்டும். நீலத்துக்கு நடுவே அந்த ஆரஞ்சு தட்டிய மஞ்சள்தான். வியாபாரியின் தீர்ப்பு.


கால் இன்ச்
புதன் காலை 9.30

நம்ப மாட்டேன் என்றுதான் வந்தேன், ஆனால் காவேரிப்பட்டணம் சொல்வது சரி. நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிர்ப்பக்கம் ஆரஞ்சு. துளி அளவு போதும், 2 இன்ச் சதுரத்துக்கு மேல் அந்த நிறத்தைப் பெருக்க வேண்டாம். வெதுவெதுப்பான நிறம் முன்னால் வரும், குளிர்ந்த நிறம் பின்னால் போகும். நீலம் பின்வாங்கி நிற்கட்டும், மஞ்சள் புள்ளி மட்டும் மேலே மிதக்கட்டும்.

பார்டருக்கு வருவோம். "சதுரங்களில் எந்த நிறம் அதிகமோ அதைக் கரைக்கு எடு" என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. அதிகமாக இருப்பதை ஓரத்திலும் கொட்டினால் கண் உள்ளே போகாமல் ஓரத்திலேயே உட்கார்ந்துவிடும். குறைவாக இருக்கும் ஒன்றை, உள்ளே அங்கங்கே எட்டிப் பார்க்கும் ஒன்றை, மெல்லிசாக ஒரு இன்ச் ஓட விடுங்கள். அதற்கு வெளியே மறுபடியும் நீலம், 4 இன்ச். பட்டியும் பார்டரும் ஒரே நீலம் என்பதால் உள்ளே இருப்பது எல்லாம் ஒரே ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். உங்களிடம் எது குறைவு?


வெட்டுத்துணி
புதன் காலை 10.05

எண்ணினேன். வாடாமல்லி நாலு சதுரத்தில்தான் இருக்கிறது.

நீலம் எத்தனை மீட்டர் அக்கா? பட்டிக்கு ஒன்றரை, பார்டருக்கு இரண்டேகால் என்று என் கணக்கில் 3.75 வருகிறது.


பழைய மிஷின்
புதன் மதியம் 1.30

சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டேன், பிள்ளைகள் நோட்டில்.

வெளிச்சுற்றிலும் பட்டி வைத்தால் நிற்கும் பட்டி வரிசைக்கு ஆறு வீதம் ஆறு வரிசைக்கு 36. படுக்கும் பட்டி ஏழு வரிசை, ஐந்து ஐந்தாக 35. மொத்தம் 71. மூலைச் சதுரம் 42. இதுவரை 62 க்கு 74 இன்ச். வாடாமல்லி ஒரு இன்ச் சுற்றினால் 64 க்கு 76. நீலம் 4 இன்ச் சுற்றினால் 72 க்கு 84. ஒற்றைக் கட்டிலுக்குத் தாராளமாகத் தொங்கும்.

44 இன்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியில் ஓரம் கழித்து 42 கையில் நிற்கும். பார்டருக்கு நாலரை இன்ச் அகலத்தில் நாலு பட்டி, துணியின் நீளவாக்கில் வெட்டுங்கள். 18 இன்ச் போனால் மிச்சம் 24. அதில் பத்தரை இன்ச் நீளம், இரண்டரை அகலம் என்று பட்டியையும் நீளவாக்கிலேயே எடுத்தால் ஒரு வரிசைக்கு 9 விழும். எட்டு வரிசைக்கு 72. உங்களுக்கு வேண்டியது 71! அதாவது நனைத்துச் சுருங்கிய பிறகும் இரண்டேகால் மீட்டரில் எல்லாம் முடிந்துவிடும். ஓரம் மடித்துக் கட்ட அரை மீட்டர். ஒன்றைக் கோணலாக வெட்டுவீர்கள், அதற்குக் கால் மீட்டர். மொத்தம் 3 மீட்டர்.

நீளவாக்கில் வெட்டச் சொல்வது துணி மிச்சத்துக்காக மட்டுமில்லை. குறுக்கே வெட்டிய துணி இழுபடும், நீளத்தில் அவ்வளவு இழுபடாது. முதலில் நனைத்துக் காய வைத்துவிட்டுத்தான் கத்திரி.


அரூர் வாத்தியார்
புதன் இரவு 8.20

72க்கு 71. இந்தக் கணக்கை நாளை பத்தாம் வகுப்புக்குக் கொடுக்கப் போகிறேன். அண்ணனின் அனுமதி உண்டா?


பழைய மிஷின்
புதன் இரவு 8.41

தாராளமாக. அந்தக் கால் மீட்டரை மட்டும் சொல்ல மறக்காதீர்கள்.


வெட்டுத்துணி
பத்து நாள் கழித்து, சனி மாலை 5.30

இடைப்பட்டி முடிந்தது, வாடாமல்லியும் சுற்றியாயிற்று. நீலப் பார்டரில் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். தரையில் விரித்தால் ஓரம் கடல் அலை. நீளவாக்கில்தான் வெட்டினேன் அண்ணா, சத்தியமாக.


கால் இன்ச்
சனி மாலை 5.50

பார்டரை எப்படி வைத்தீர்கள்? நீளப் பட்டியை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதை வெட்டினீர்களா?


வெட்டுத்துணி
சனி மாலை 5.53

ஆமாம். எல்லோரும் அப்படித்தானே செய்வார்கள்?


கால் இன்ச்
சனி மாலை 6.10

எல்லோருக்கும் அலை அடிப்பது அதனால்தான். போர்வையின் ஓரம் கை பட்டுப் பட்டு இழுபட்டிருக்கும். ஓரத்தை அளக்காதீர்கள். நடுவில் அளந்து, அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தடவை அளந்து, மூன்றுக்கும் நடுவான அளவில் பட்டியை வெட்டுங்கள். எதிரெதிர் பக்கத்துக்கு ஒரே அளவு. நடுவில் ஒரு குண்டூசி, முனைகளில் ஒன்று, பிறகு இடையில். ஓரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதைப் பட்டிக்குள் அடக்கித் தையுங்கள்.

பிரிக்கத்தான் வேண்டும், தங்கச்சி. இன்று வேண்டாம், நாளைக்கு.


வெட்டுத்துணி
திங்கள் இரவு 9.05

பிரித்தேன், அளந்தேன், தைத்தேன். ஓரத்தில் ஒன்றேகால் இன்ச் கூடுதலாக இருந்திருக்கிறது! இப்போது தரையோடு தரையாகப் படுக்கிறது. மகளுக்குப் படம் அனுப்பினேன். "கருப்பு நல்லா இருக்கும்மா" என்று பதில். திருத்தவில்லை.

மாமியார் மஞ்சள் மூலையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாற்பத்திரண்டு இருக்கிறது என்றார்.

அடித்துணிக்கு என்ன போடுவது?


பழைய மிஷின்
திங்கள் இரவு 9.20

அதற்கு வேறு இழை தொடங்குங்கள். இதில் இனி இடமில்லை. அந்த அரக்கு 2 மீட்டர் என்ன ஆயிற்று?


வெட்டுத்துணி
திங்கள் இரவு 9.26

மாமியார் உள்பாவாடைக்கு எடுத்துக்கொண்டார். தனிக் கொடியில் காய்கிறது.